கீமோ நடக்கும்போது காட்டு இஞ்சிச் சாறு குடிக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன், டாக்டர். அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று சுற்று கீமோ முடிந்திருக்கிறது. காட்டு இஞ்சி கட்டியைக் கரைக்கும், ஆராய்ச்சியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்று சொல்லி, சித்தப்பா காபித் தோட்டத்து ஓரத்தில் தோண்டிய கிழங்கைக் கொடுத்தார். நான்கு நாளாக வெறும் வயிற்றில் அரை டம்ளர் பச்சைச் சாறு குடிக்கிறார். தொடரலாமா?

பதில்: இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆராய்ச்சி நடந்தது உண்மைதான், ஆனால் அது சித்தப்பா சொன்னதைச் சொல்லவில்லை.

அதில் பேசப்படும் செடி ஜிஞ்சிபர் ஜெரம்பெட். இலைத்தண்டை விட்டுத் தள்ளி, தரையிலிருந்து தனிக் காம்பில் கூம்பு மாதிரி பூக்கதிர் எழும்பும். முதலில் பச்சை, போகப்போகச் சிவப்பு. கூம்பைப் பிழிந்தால் வழவழவென்று மணமான நீர் வரும். ஹவாய்த் தீவுகளில் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பது வழக்கம். கிழங்கு நன்றாகக் கசக்கும். அதன் எண்ணெயிலிருந்து ஜெரம்போன் என்ற பொருளைப் பிரித்து, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் மேல் விட்டபோது அவை செத்தன. எலிகளிலும் சில வகைக் கட்டிகள் குறைந்தன. இதுவரை சரி. புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்ட முறையான பரிசோதனை மட்டும் இல்லை.

தட்டில் லிட்டருக்கு நாலைந்து மில்லிகிராம் ஜெரம்போன் இருந்தாலே பல அணுக்கள் சாகும். கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் அங்கே அணு ஒன்றிரண்டு நாள் அதிலேயே ஊறிக் கிடக்கிறது. வாய்வழியாகப் போனால் கதை வேறு: ஜெரம்போன் தண்ணீரில் சரியாகக் கரையாது, குடல் உறிஞ்சுவது கொஞ்சம், அதையும் கல்லீரல் மாற்றிவிடும். கிழங்குக்குக் கிழங்கு அளவும் மாறும். தட்டில் புற்றணுவைப் பினாயிலும்தான் கொல்லும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, தோண்டியது எது என்பது. மலையில் 'காட்டு இஞ்சி' என்று ஒரே பேரில் பல செடிகளைச் சொல்கிறார்கள். அடிவாரப் புதர்களில் கண்வலிக்கிழங்கும் உண்டு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். அதன் கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும், முறித்தால் இஞ்சி வாசனை வராது. அதிலுள்ள கால்ச்சிசின் என்ற நஞ்சு முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். சில நாள் கழித்து, ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் சரியும், முடி கொட்டும். கீமோவிலும் இதெல்லாமே வருவதால் கிழங்கின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. மிச்சக் கிழங்கை முறித்து முகர்ந்து பாருங்கள். இஞ்சி மணம் அடித்தால் இந்தப் பயம் பெரும்பாலும் தீர்ந்தது.

சரியான செடியாகவே இருந்தாலும் சிக்கல் உண்டு. கீமோ போட்ட ஒன்று, ஒன்றரை வாரத்தில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்தச் சமயத்தில் மண் ஒட்டிய கிழங்கைப் பச்சையாகப் பிழிந்து குடிப்பது கிருமிக்குக் கதவு திறந்துவிடுவது மாதிரி. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறியிருந்தால், ஏற்றியது கீமோ மருந்தா கிழங்கா என்று உங்கள் டாக்டருக்குத் தெரியாது. அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார், அல்லது மருந்தளவைக் குறைப்பார். நஷ்டம் அம்மாவுக்கு.

இஞ்சி வேண்டும் என்றால் கடை இஞ்சியே போதும், அதுவும் குமட்டலுக்கு மட்டும். 2012-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 576 புற்றுநோயாளிகளின் விவரத்தைப் பார்த்தார்கள். வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்தோடு, கீமோவுக்கு மூன்று நாள் முன்னரே தொடங்கி ஆறு நாள், தினம் அரை அல்லது ஒரு கிராம் இஞ்சி மாத்திரை எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. ஒன்றரை கிராமுக்குக் கூடுதல் பலன் இல்லை. வீட்டுக் கணக்கில் ஒரு கிராம் என்பது ஏறத்தாழ அரை டீஸ்பூன் சுக்குத்தூள். வெந்நீரில் கொதிக்கவைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். தட்டணு குறைவாக இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிட்டாலோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தாலோ அதுவும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது.

நான்காவது சுற்று வரை காத்திருக்காமல் இந்த வாரமே முழு ரத்த அணுக்கணக்கும், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையும் எடுத்து, கீமோ கொடுக்கும் டாக்டரிடம் காட்டுங்கள். மிச்சக் கிழங்கு, செடியின் இலை, பூ இருந்தால் அதன் படம், எத்தனை நாள் எவ்வளவு குடித்தார் என்ற குறிப்பு, எல்லாம் கையில் இருக்கட்டும். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். நடுவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ராத்திரியானாலும் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். வத்தலக்குண்டு வரவே நேரம் பிடிக்கும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.