தண்ணீர் போகும் வழி

அன்புள்ள ஐயா,

நான் வேர்ஜீனியாவில் இருக்கிறேன். போன மாதம் லூயிசா கவுண்டியில் கிரீன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துக்குப் போனோம். கோட்டையில்லை, அரண்மனையில்லை. பழைய பண்ணை வீடுகள், கொட்டில்கள், பயிர் நிலம். அத்தனையையும் சேர்த்தே வரலாற்று வட்டாரம் என்று காத்து வருகிறார்கள். எனக்குத் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் ஞாபகம் வந்தது. எங்கட ஊரையும் இப்படி அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாமா? அப்பாவிடம் சொன்னதற்கு, "தொல்பொருள் எண்ட சொல்லையே வயல் பக்கம் கொண்டுவராதே" என்று சத்தம் போட்டார்.

ச.

அன்புள்ள மகள்,

அப்பாவின் கோபம் நியாயமானது. 2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் இந்த மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அதற்குப் பிறகு தொல்பொருள் எல்லைக்கல் ஒன்றைக் கண்டாலே வயற்காரருக்கு வயிறு கலங்குகிறது.

நீ பார்த்த இடத்தின் கதையையும் அப்பாவுக்குச் சொல். 1970களின் தொடக்கத்தில் அங்கே சிறைச்சாலை கட்ட மாநில அரசு நினைத்தது. ஊரவர் திரண்டு எதிர்த்தார்கள். ஏறத்தாழ 14,000 ஏக்கர் பரப்பு 1974இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. காணிக்காரர் பலர் நிலத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, அதைத் துண்டுபோட்டுக் கெடுக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்து உறுதிப் பத்திரம் எழுதினார்கள். அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் ஒரு வட்டாரத்தைச் சேர்க்கும்போது, தனியார் காணிக்காரரில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றால் சேர்க்க முடியாது. சேர்த்தாலும் உழுகிறவன் உழுதுகொண்டே இருப்பான். நமக்கு வேண்டியது அந்த முறைதான். அந்த உத்தரவாதம் இல்லாமல் எவரிடமும் மனுக் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

ஆனால் காக்க வேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தம்பலகாமம் என்றதும் எல்லாரும் ஆதி கோணேசர் கோயிலைக் காட்டுவார்கள். 1622இல் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தபோது தப்பிய திருமேனிகள் இங்கே வந்ததாகச் சொல்கிறோம். அந்தக் கோயிலும் வயலால் வாழ்ந்த கோயில். வயல் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரால் வாழ்கிறது. அந்தக் குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்பது நம்மவர் நம்பிக்கை, பாளி வரலாற்று நூலான சூளவம்சம் இரண்டாம் அக்கபோதி மன்னனைச் சொல்கிறது. கந்தளாயில் கிடைத்த சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு, பெருங்குறிப் பெருமக்கள் என்ற ஊர்ச்சபை அங்கே இருந்ததைக் காட்டுகிறது. கட்டியவர் யாராயினும், அந்தத் தண்ணீரை வாய்க்கால் வாய்க்காலாகப் பங்கிட்டு வயலில் இறக்கும் அறிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அன்று குளக்கட்டு உடைந்து அத்தனை உயிர்களைக் கொண்டுபோன பிறகும், கட்டை மீண்டும் எழுப்பியதும் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடி வந்தது.

என் அப்பா வரம்பில் தண்ணீர் விடும் வாயான வக்கடையைத் திறந்துவிட்டு, வெறுங்காலை வயலுக்குள் வைத்து நிற்பார். பெருவிரல் மறைந்தால் போதும். வைக்கோலையும் சேற்றையும் ஒரு மண்வெட்டியில் சேர்த்து அள்ளி, ஒரே அமுக்கில் வக்கடையை அடைத்துவிட்டு அடுத்த வரவைக்கு, அதாவது அடுத்த வயல் துண்டுக்கு, நடப்பார். முறை தவறினால், தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையின் குரல் நாலு வயலுக்குக் கேட்கும். இந்த அறிவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது. வயலை வீட்டு மனையாக நிரவிவிட்டால் அதோடு போயிற்று.

எங்கள் காணி உறுதியில் எல்லை இப்படி இருக்கிறது: கிழக்கே வாய்க்கால், மேற்கே மருதமரம். மரம் விழுந்து முப்பது வருடத்துக்கு மேல். அது நின்ற இடத்தைக் காட்ட இப்போது ஊரில் இரண்டு பேர்தான் மிச்சம், இருவரும் எண்பதைத் தாண்டியவர்கள். அந்த வாய்க்காலுக்கு வாய்வழக்கில் ஒரு பெயர் இருந்தது. அளவைப் படத்தில் தேடினேன், இல்லை. இரவெல்லாம் நித்திரை வரவில்லை எனக்கு.

ஆகையால் மனு பிறகு இருக்கட்டும். இன்றிரவே அப்பாவுக்கு அழைப்பெடு. தொல்பொருள் என்று பேச்செடுக்காதே. உங்கள் வயலுக்கு எந்தத் துரிசிலிருந்து, அதாவது மதகிலிருந்து, தண்ணீர் வந்தது, வழியில் எத்தனை வாய்க்கால், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர், சூடடிக்கும் களவெட்டி எங்கே இருந்தது, சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் யாருக்கு முதல் முறை என்று கேள். அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய். எங்கள் பக்கத்து வாய்க்கால்களை நான் ஒரு கொப்பியில் வரையத் தொடங்கிவிட்டேன், பதினொன்று வந்திருக்கிறது. உன்னுடையது வந்தால் இரண்டையும் ஒட்டிப் பார்க்கலாம். உங்கள் வயல் எங்களுக்கு மேற்பக்கமா, கீழ்ப்பக்கமா என்பதையும் கேட்டு எழுது.