வாசகர் கேள்வி-பதில்: பெற்றோர் சொல்லிவைத்த பயங்கள்

சிறுவயதில் பெற்றோர் சொல்லிக்கொடுத்து, வளர்ந்த பிறகும் மனத்தைவிட்டுப் போகாத நம்பிக்கைகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் பழம் தின்னும்போது விதையை விழுங்கிவிட்டாள். வயிற்றுக்குள் மரம் முளைக்கும் என்று வீட்டில் ஒருவர் விளையாட்டாகச் சொல்லிவிட, அன்றிரவு முழுவதும் வயிற்றைத் தடவிப் பார்த்து அழுதுகொண்டே இருந்தாள். எனக்கும் என் அம்மா இதையேதான் சொன்னார். குழந்தையை எப்படித் தேற்றுவது?

பதில்: விதை முளைப்பதற்கு ஈரமும் காற்றும் தகுந்த வெப்பமும் போதிய காலமும் வேண்டும். இரைப்பையில் ஈரமும் வெப்பமும் இருந்தாலும், அங்கே சுரக்கும் அமிலமும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் விதையை முளைவிட அனுமதிப்பதில்லை. பெரும்பாலும் சில நாட்களுக்குள் அது மலத்தோடு வெளியேறிவிடும். சொல்லப்போனால், பல செடிகள் சதைப்பற்றுள்ள பழத்தை உண்டாக்குவதே, பறவையோ விலங்கோ அதை விழுங்கி விதையை வேறிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்காகத்தான். விதை வயிற்றின் வழியே பயணம் செய்து, வெளியே வந்து, மண்ணில் விழுந்த பிறகுதான் முளைக்கும் என்று சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும், சிரிப்பும் வரும்.

அதே வேளையில், விதையை விழுங்காதே என்ற கட்டளையைக் கைவிட வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து மூச்சுக்குழாயில் இருக்கிறது. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும் சிறு குழந்தைக்கு, குறிப்பாக நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, விதையோ பருப்போ மூச்சுப் பாதையை அடைத்துவிடக்கூடும். ஆப்பிள், ஆப்ரிகாட் போன்றவற்றின் விதைப்பருப்பில் அமிக்டலின் என்னும் பொருள் இருக்கிறது. மென்று அரைபடும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். ஓரிரு ஆப்பிள் விதைகளை முழுதாக விழுங்கினால் ஒன்றும் ஆகாது. ஆப்ரிகாட் பருப்பைக் கைநிறைய எடுத்து மென்று தின்பது வேறு கதை. ஆகவே உங்கள் அம்மா இட்ட கட்டளையில் குறையில்லை. அதற்கு அவர் சொன்ன காரணத்தில்தான் குறை. மரத்துக்குப் பயந்த குழந்தை, அந்தப் பயம் தெளிந்ததும் கட்டளையையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடும். உட்கார்ந்து, மென்று, பேசாமல் தின்னவேண்டும் என்பதை அதன் உண்மையான காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் அது பத்து வயதிலும் நிற்கும்.

கேள்வி: முன்னோர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது, அதை வெளிப்படையாகச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் பயமுறுத்தும் கதையாகச் சொன்னார்கள் என்று என் தந்தை வாதிடுகிறார். இது சரியா?

பதில்: சிலவற்றுக்குச் சரி. விதையைப் பற்றி மேலே சொன்னதே அதற்குச் சான்று. கிணற்றடியில் பூதம் இருக்கிறது, ஆற்றில் பேய் இருக்கிறது என்று குழந்தைகளை அச்சுறுத்தும் வழக்கம் உலகெங்கும் காணப்படுவதற்கு, நீரில் மூழ்கும் ஆபத்து எங்கும் ஒன்றுதான் என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் 'ஒவ்வொன்றுக்கும்' என்ற சொல்லில்தான் உங்கள் தந்தையோடு உடன்பட முடியவில்லை.

இரவில் நகம் வெட்டக்கூடாது என்ற தடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் விளக்கொளி போதாது, விரலை வெட்டிக்கொள்வார்கள் என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் அறிவியல் காரணம். அப்படியானால், அதே மங்கலான ஒளியில் காய் நறுக்குவதற்கும் துணி தைப்பதற்கும் தடை இருந்திருக்க வேண்டும். மின்விளக்கு வந்த அன்றே இந்தத் தடை தானாக உதிர்ந்திருக்கவும் வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. ஜப்பானிலும் இதே தடை உண்டு. அங்கே அதற்குச் சொல்லப்படும் விளைவு, பெற்றோரின் இறுதி நேரத்தில் அருகிலிருக்க முடியாமல் போகும் என்பது. தடை ஒன்றாக இருக்க, காரணம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால், தடை முதலில் தோன்றி, காரணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று கருதுவதே பொருத்தம்.

வானவில்லைச் சுட்டிக்காட்டினால் விரல் அழுகிவிடும் என்ற நம்பிக்கை இதைவிட வியப்பானது. மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் திரட்டிய சான்றுகளின்படி, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத பல மொழிச் சமூகங்களில், வெவ்வேறு கண்டங்களில், இந்தத் தடை காணப்படுகிறது. விரல் வளைந்துவிடும், அழுகிவிடும், உதிர்ந்துவிடும் என்று விளைவுகளில்தான் வேறுபாடு. வானவில்லைச் சுட்டுவதால் உடலுக்கு எந்தத் தீங்கும் இல்லை. எனவே இதற்குள் மருத்துவ உண்மை எதையும் தேட முடியாது. அச்சமும் வியப்பும் தரும் பெரும் பொருளை விரல் நீட்டிச் சுட்டுவது அவமதிப்பு என்ற உணர்வு பல இடங்களில் தனித்தனியாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதன் பிறப்பு இன்னும் தெளிவானது. தேரையின் தோல் மருக்கள் நிறைந்தது போலத் தோன்றுவதால், தொட்டவருக்கும் மரு வரும் என்று மனம் முடிச்சுப் போடுகிறது. ஒத்த தோற்றமுடையது தன்னை ஒத்ததையே உண்டாக்கும் என்ற இந்த எண்ணத்தை மந்திர நம்பிக்கைகளின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக 1890-இல் மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் எடுத்துக்காட்டினார். மரு உண்மையில் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமியால் வருகிறது; மனிதரிடமிருந்தே மனிதருக்குப் பரவுகிறது. குழந்தைகளுக்கு வரும் மருக்களில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடுகின்றன. இதனால்தான், மரு போவதற்கென்று சொல்லப்படும் எந்தக் கைமருந்தும் எந்த மந்திரமும் என்றாவது ஒருநாள் 'பலித்துவிடுகிறது'.

உங்கள் தந்தையிடம் ஒன்றை மட்டும் பணிவோடு கேட்டுப் பாருங்கள்: அந்த அறிவியல் காரணத்தை அவருக்கு அவருடைய தாய் சொன்னாரா, அல்லது பிற்காலத்தில் வேறெங்கோ படித்தாரா? பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும். சோதித்துப் பார்க்காமல் அறிவியல் என்ற பெயரை ஒட்டிவிட்ட விளக்கம் பழைய நம்பிக்கையைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. பேய்க்கதையைக் கேட்கும் குழந்தை வளர்ந்தபின் ஐயப்படும்; ஆய்வு என்ற பெயரில் வருவதை ஐயப்படவே அதற்குத் தோன்றாது.

கேள்வி: விரலில் சொடக்கு எடுத்தால் முதுமையில் மூட்டுவலி வருமா? என் மனைவி பிள்ளைகளை இதற்காகவே நாள்தோறும் கண்டிக்கிறார்.

பதில்: வராது. மூட்டுக்கு இடையிலுள்ள திரவத்தின் அழுத்தம் திடீரெனக் குறையும்போது உள்ளே ஒரு வாயுக் குமிழி உருவாவதோடு அந்தச் சத்தம் தொடர்புடையது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர், தம் தாயும் உறவினரும் சிறுவயதில் செய்த இந்த எச்சரிக்கையைச் சோதிக்க, ஐம்பது ஆண்டுகள் இடக்கை விரல்களில் மட்டும் சொடக்கு எடுத்து, வலக்கையை அப்படியே விட்டுவைத்தார். இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-இல் எழுதினார். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் 2009-இல் அதற்குக் கிடைத்தது. ஒரே ஒரு மனிதரின் சோதனை என்பதால் அதை மட்டுமே நம்பவேண்டாம். பிற ஆய்வுகளும் சொடக்குக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பைக் காட்டவில்லை. சத்தம் பிடிக்கவில்லை என்பதே உங்கள் மனைவியின் உண்மையான காரணமாக இருந்தால் அதுவும் மதிக்கத்தக்கதுதான். அதையே பிள்ளைகளிடம் சொல்லலாம்.

கேள்வி: பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், நானும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்கிறேன். நான்கு சொல்லில் வேலை முடிந்துவிடுகிறது. இதில் என்ன தவறு?

பதில்: வேலை முடிகிறது என்பதை மறுக்கவில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகளிடம், ஆலிஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத இளவரசி அறையிலுள்ள நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, ஏமாற்றாமல் ஆடுவதற்குக் கடினமான ஒரு விளையாட்டைக் கொடுத்தார்கள். அதை நம்பிய குழந்தைகள், பெரியவர் ஒருவர் நேரில் அமர்ந்திருந்தால் எவ்வளவு ஒழுங்காக ஆடுவார்களோ ஏறத்தாழ அவ்வளவு ஒழுங்காக ஆடினார்கள்.

ஆனால் அந்த இளவரசி பார்க்க மட்டுமே செய்தாள். யார் கண்ணையும் குத்தவில்லை. உங்கள் வாக்கியத்திலுள்ள சிக்கல் தண்டனையில் இருக்கிறது. 1932-இல் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே, பழம் திருடிவிட்டு ஓடும் சிறுவன் ஒருவன் பழைய பாலத்தைக் கடக்கையில் அது உடைந்து நீரில் விழுந்த கதையைக் குழந்தைகளிடம் சொல்லி, அவன் திருடாமல் இருந்திருந்தால் பாலம் உடைந்திருக்குமா என்று கேட்டார். ஆறு வயதினரில் மிகப் பெரும்பாலோர், உடைந்திருக்காது என்றார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். சிறு குழந்தையின் உலகத்தில் தற்செயல் என்பதற்கு இடம் மிகக் குறைவு. நடக்கும் ஒவ்வொரு தீமைக்கும் யாரோ செய்த தவறு காரணமாக இருந்தாக வேண்டும். அத்தகைய மனத்தில், தவறு செய்தால் உடலுக்குத் தீங்கு வரும் என்று நாமும் சேர்த்துச் சொன்னால், குழந்தை அதைத் திருப்பியும் போட்டுப் பார்க்கும்: தீங்கு வந்திருக்கிறது, ஆகவே நான் தவறு செய்திருக்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, முன்தினம் சொன்ன பொய்யை நினைத்துத் தனக்குள் மருகும். கோபத்தில் நீ செத்துப்போ என்று தாத்தாவிடம் சொன்ன குழந்தை, சில நாட்களில் அவர் இறக்க நேர்ந்தால், அதைத் தானே செய்ததாக எண்ணி யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கக்கூடும். வீட்டில் இறப்போ கடும் நோயோ நேரும்போது, கேட்காவிட்டாலும் நாமாகவே குழந்தையிடம், நீ சொன்னதாலோ நினைத்ததாலோ இது நடக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று துயர ஆலோசகர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

பொய் சொன்னால் என் நம்பிக்கை குறையும், அடுத்த முறை நீ சொல்வது உண்மையா என்று நான் ஐயப்பட வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பாருங்கள். நான்கு சொல்லில் முடியாது, உண்மைதான்.

கேள்வி: நான் முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றவன். படுத்திருக்கும் குழந்தையைத் தாண்டினால் அது வளராது என்பதில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை. ஆனாலும் தவறித் தாண்டிவிட்டால், யாரும் பார்க்காதபோது திரும்பத் தாண்டிவிடுகிறேன். எனக்கு ஏன் இந்த இரட்டைப் போக்கு?

பதில்: நீங்கள் மட்டுமல்ல, நாம் எல்லோருமே ஏதோ ஒன்றில் இப்படித்தான். உளவியலாளர் பால் ரோசினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு புட்டிகளில் சர்க்கரையை எல்லோர் கண்முன்னும் கொட்டி, ஒன்றில் சர்க்கரை என்றும் மற்றொன்றில் சோடியம் சயனைடு என்றும் எழுதிய சீட்டுகளைப் பங்கேற்றவர்களையே ஒட்டச் சொன்னார்கள். தாமே ஒட்டிய சீட்டு என்று தெரிந்திருந்தும், சயனைடு என்று எழுதிய புட்டியிலிருந்து எடுத்த சர்க்கரையைக் கலந்த நீரைக் குடிக்கப் பலர் தயங்கினார்கள். அறிந்திருப்பதும் அஞ்சாதிருப்பதும் ஒன்றல்ல.

உங்கள் செய்கையில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. திரும்பத் தாண்டுவதற்கு ஒரு நொடிதான் செலவு. தாண்டாமல் விட்டு, ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் இழப்பு மிகப் பெரிது என்று மனம் எடைபோடுகிறது. இத்தகைய நிலைமையில், தவறான தொடர்புகளை நம்பும் போக்கு உயிரினங்களில் பரிணாம வழியில் நிலைத்துவிட முடியும் என்று கெவின் ஃபாஸ்டரும் ஹன்னா கொக்கோவும் 2009-இல் கணித மாதிரி ஒன்றின் மூலம் காட்டினார்கள். ஆனால் யாரும் பார்க்காதபோது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. குழந்தைகள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெட்டியைத் திறக்கத் தேவையற்ற செயல்களையும் சேர்த்துச் செய்து காட்டினார்கள். உள்ளே நடப்பது தெரியும் கண்ணாடி போன்ற பெட்டியைக் கொடுத்தபோது சிம்பன்சிகள் தேவையற்றதை விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ பார்த்ததை அப்படியே செய்தார்கள். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமலே இந்த வழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்விடும்.

கேள்வி: இதையெல்லாம் குழந்தைகளின் முன் என் மாமியார் சொல்லும்போது, அங்கேயே மறுத்துப் பேசலாமா?

பதில்: தீங்கில்லாதவற்றுக்கு வேண்டாம். பாட்டிக்கு அவருடைய அம்மா அப்படிச் சொல்லியிருக்கிறார், நாம் இப்படிப் புரிந்துகொள்கிறோம் என்று பிறகு தனியே சொன்னால் போதும். குழந்தையின் மருத்துவத்தைத் தள்ளிப்போடும் நம்பிக்கை என்றால் உடனே, குழந்தையின் முன்னாலேயே மறுத்துவிடுங்கள்.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் தரையிலுள்ள கோடுகளை மிதிக்காமல் நடக்கிறான், கதவை நான்கு முறை தொடாமல் வெளியே போகமாட்டான். ஏன் என்று கேட்டால், இல்லையென்றால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிறான். விளையாட்டென்று விட்டுவிடலாமா?

பதில்: கோட்டை மிதிக்காமல் நடப்பது உலகெங்கும் குழந்தைகள் ஆடும் விளையாட்டு, சின்னஞ்சிறு வயதில் எல்லாம் ஒரே வரிசையில், ஒரே முறையில் நடக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் இயல்பானதே. மறந்துபோய் மிதித்தாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவானா, அல்லது கலங்கிப்போய்த் திரும்பிவந்து மறுபடி முதலிலிருந்து நடப்பானா என்பதைக் கவனியுங்கள். இந்தச் செயல்கள் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டாலோ, பள்ளிக்குப் போவதையும் உறங்குவதையும் தடுத்தாலோ, செய்யவிடாமல் தடுத்தால் அவன் கடும் அச்சத்துக்கு உள்ளானாலோ, அது எண்ணச்சுழற்சி நோயாக (ஓ.சி.டி.) இருக்கக்கூடும். அவ்வாறெனில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தயங்கவேண்டாம். அச்சத்தைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது.

அதுவரை இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். இது யாரோ சொல்லிக்கொடுத்த நம்பிக்கையால் மட்டும் வந்த நோயன்று. எனவே வீட்டில் யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம். அவனைத் திட்டவும் வேண்டாம், அவன் அமைதியடைய வேண்டும் என்பதற்காக நீங்களும் சேர்ந்து கதவைத் தொடவும் வேண்டாம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உறுதி சொல்லிக்கொண்டே இருப்பதுகூட அந்தச் சடங்கின் ஒரு பகுதியாக மாறிவிடும் என்பதால், மருத்துவரைச் சந்திக்கும்போது, அவன் அப்படிக் கேட்டால் என்ன விடை சொல்வது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.