கார்ன்வால் சென்சஸில் தேடும் தங்கவயல் தம்பிக்கு

பிளிமத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, வாடகை வீடு, கார் இன்சூரன்ஸ், அப்புறம் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தங்கவயல் சுரங்க வேலைக்கு வந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தாவை அந்தப் பகுதியின் பழைய சென்சஸில் தேடுவது எப்படி என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் அங்கே உங்களுடன் வேலை செய்பவர்களே பதில் சொல்வார்கள். மூன்றாவது நம்ம விஷயம், நானும் கோலார் தங்கவயல்தான்.

எடுத்த எடுப்பில் பெயரைத் தட்டித் தேடாதீர்கள். கார்ன்வாலின் சுரங்க ஊர்களான கேம்போர்ன், ரெட்ரூத் பக்கம் தாமஸ், வில்லியம்ஸ், ரிச்சர்ட்ஸ் என்று தெருவுக்குத் தெரு இருப்பார்கள், எல்லாரும் சுரங்கத் தொழிலாளிகள், ஒரே பெயர், ஒரே வயது. அதனால் இந்தியப் பக்கத்தில் ஆரம்பியுங்கள். அவர் தங்கவயலில் தேவாலயத்தில் கல்யாணம் செய்திருந்தால் பதிவில் அப்பா பெயர் இருக்க வாய்ப்பு அதிகம்; அந்தக் காலத்துப் பதிவுகளின் நகல்கள் நிறைய லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. அப்பா பெயர் கிடைத்த பிறகு 1871, 1881 சென்சஸில் அவரைச் சிறு பையனாகத் தேடுங்கள். 1880களில் கப்பல் ஏறியவர் 1891இல் அங்கே எப்படி இருப்பார்? ஆனால் அம்மாவும் தம்பி தங்கைகளும் இருப்பார்கள், ஆண்கள் வெளிநாடு போன வீடுகள் கார்ன்வாலில் ஏராளம்.

1841 சென்சஸை நம்பி வயது கணக்குப் போடாதீர்கள், பதினைந்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊர் 1851இலிருந்துதான் வரும். 1931 சென்சஸ் ஏடுகள் 1942இல் தீயில் போய்விட்டன, யாராவது எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் ஓடிவிடுங்கள்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது, இலவச ட்ரையல் என்று கார்டு நம்பர் கேட்கும் தளங்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சென்சஸைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்ட ஃப்ரீசென் என்ற இலவசத் தளம் இருக்கிறது, பல ஊர் நூலகங்களின் கணினியில் கட்டணத் தளங்களையே சும்மா பார்க்கலாம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் அறை ஹீட்டருக்கு மீட்டரில் காசு போட்டு மாளாமல், சூடாக இருக்கிறதே என்று நூலகத்தில் போய் உட்கார்ந்தவன், அங்கேதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. பக்கத்தில் உட்காரும் கார்ன்வால் பாட்டிகள் தேநீர் ஃபிளாஸ்க்கோடு வந்து பழைய கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நம் ஆட்களில் சிலர் வெள்ளைக்காரக் கொள்ளுத்தாத்தா கிடைத்தால் போதும், ஒரே வாரத்தில் பிரபு வம்சம் ஆகிவிடுவார்கள். அடுத்தவர் போட்ட குடும்ப மரத்தை அப்படியே நகல் எடுத்த மரங்கள் அவை, தொடாதீர்கள். எனக்குக் கிடைத்தவர் ரெட்ரூத்தில் தகரச் சுரங்கத்தில் வேலை பார்த்த பதின்மூன்று வயதுப் பையன். கல்யாணப் பதிவு கிடைத்ததும் அப்பா பெயரை எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.