வாசகர் கேள்வி: மூன்று அறையும் ஒன்றரை ஏக்கரும்

கேள்வி: ஆழ்வார்குறிச்சி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் மூன்று அறைகளை வெளியூர் விருந்தினருக்கு விடுகிறோம். குற்றாலச் சாரல் நேரத்தில் கூட்டம், அப்புறம் ஓய்ந்துவிடும். வீட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கரும் கிணறும் உண்டு. முழுக்க இயற்கை விவசாயம் பண்ணி, காய்களை விற்றும் சம்பாதிக்கலாம் என்கிறான் மகன். எங்கே ஆரம்பிப்பது? ஆர்கானிக் என்று பலகை வைக்கலாமா? சாணமும் கோமியமும் கலந்து புளிக்கவைக்கிற ஜீவாமிர்தத் தொட்டி நாற்றம் விருந்தினரை விரட்டாதா?
- வாசகி, ஆழ்வார்குறிச்சி

பதில்: மகன் சொல்வதில் பாதி சரி, அம்மா. விற்கிற யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒன்றரை ஏக்கரிலும் காய்கறி போட்டால் களை எடுக்க ஆள் தேடியே அலுத்துப்போவீர்கள், பாவூர்சத்திரம் சந்தைக்குக் கொண்டுபோனாலோ மருந்தடித்த காய்க்கு என்ன விலையோ அதேதான் உங்கள் காய்க்கும். உங்கள் அடுப்படிக்கு மட்டும் 20 சென்ட் போடுங்கள். கூட்டாஞ்சோற்றுக்குக் கத்தரி, வாழைக்காய், முருங்கைக்கீரை, சொதிக்கு முருங்கைக்காய், கூடவே வெண்டை, கீரை. சென்னையிலிருந்து வருகிறவர் நம் ஊர்ச் சாப்பாட்டைத்தான் தேடுவார், புரோக்கோலி வேண்டாம்.

சிக்கல் நாள் கணக்கில்தான் இருக்கிறது. சாரல் ஜூனில் தொடங்கும். வெண்டை காய்க்க 45 நாளாவது ஆகும், கத்தரி நாற்றுக்கே ஒரு மாதம் போய், நட்ட பிறகு இன்னும் இரண்டு மாதம். அதனால் மார்ச்சில் கத்தரி விதை பாவி, ஏப்ரல் கடைசியில் வெண்டை ஊன்றி, கொளுத்தும் சித்திரை வெயிலில் பயிரைக் காப்பாற்றினால்தான் விருந்தினர் வரும்போது இலையில் காய் இருக்கும். ஆக, கோடையில் கிணறு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டு, 20 சென்ட்டா 10 சென்ட்டா என்று முடிவு பண்ணுங்கள். தென்னை மட்டை, சருகு என்று கிடைப்பதையெல்லாம் மண்ணை மூடுகிற மாதிரி மூடாக்காகப் போட்டால் தண்ணீர் மிச்சம். சாரலோடு மேற்கேயிருந்து மேல்காற்றும் பேயாக அடிக்கும், முருங்கைக் கிளை முறியும், வாழை சாயும். மேற்கு வரப்பில் அகத்தியை நெருக்கி நடுங்கள். மயில் தொல்லைக்கு வலைதான், வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மீதி நிலத்தில் மழைக்குச் சணப்போ தக்கைப்பூண்டோ பசுந்தாள் உரமாக விதைத்து, பூக்கிற நேரத்தில் மடக்கி உழுதுவிட்டால் மண் தேறும்.

தொட்டியை வீட்டுக்குக் கிழக்கே, நிழலில் வையுங்கள், மேல்காற்று நாற்றத்தை அந்தப் பக்கமே கொண்டுபோய்விடும். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், ஒரு கைப்பிடி வரப்பு மண் என்பது கணக்கு. உங்கள் 20 சென்ட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். தினமும் கலக்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் தயார்.

பலகை இப்போது வேண்டாம். உரத்தை நேற்று நிறுத்திவிட்டு இன்று ஆர்கானிக் என்று எழுதினால் நன்றாக இருக்காது. சான்றிதழ் முறையில் ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், தென்னை மாதிரிப் பயிருக்கு 3 ஆண்டும் மாற்றக் காலம், அதாவது சான்று கிடைக்கும் முன் இயற்கை முறையில் ஓட்ட வேண்டிய காலம், உண்டு. விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உறுதி சொல்கிற பி.ஜி.எஸ். முறை என்றால் பக்கத்து விவசாயிகளையும் சேர்த்து குறைந்தது 5 பேர் குழுவாக வேண்டும், ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் வந்து பார்ப்பார்கள். அதுவரை, கேட்கிறவர்களிடம் உரத்தை எப்போது நிறுத்தினீர்கள், இப்போது என்ன தெளிக்கிறீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். கேட்காதவர்களிடம் பாடம் நடத்த வேண்டாம், பாவம், அவர்கள் குளிக்க வந்தவர்கள்.