ரத்தம் ஊற அத்திப்பழம் போதுமா? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 34. பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். தக்காளித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.6 என்றார்கள். சத்து மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் சாப்பிட்டேன். மலம் கருப்பாகவும் கல்லாகவும் போனது, வயிறும் எரிந்தது. அதனால் நிறுத்திவிட்டு, உறவினர் சொன்னபடி உலர்ந்த அத்திப்பழம் மூன்றை இரவில் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். கிலோ ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்து வாங்குகிறேன். மலச்சிக்கல் சரியாகிவிட்டது. ரத்தமும் ஊறிவிடுமா? என் மாமியாருக்கு வயது 62. பல வருடமாகச் சர்க்கரை நோய், முழங்கால் வலியும் உண்டு. அத்திப்பழம் சர்க்கரையைக் குறைக்கும், எலும்புக்கு நல்லது என்று அவரும் சாப்பிடுகிறார். சாப்பிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ஒன்றுதான்: நீங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். கருத்தரிக்காத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்றும், 8 முதல் 10.9 வரை இருந்தால் நடுத்தர அளவிலான ரத்தசோகை என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. நீங்கள் 9.6-இல் இருக்கிறீர்கள். இந்த நிலையில் இருக்கும் ரத்தசோகையை அத்திப்பழத்தால் மட்டும் சரிசெய்ய முடியாது. அதே நேரத்தில், அத்திப்பழத்தை நீங்கள் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையைத் தொடர முடியாமல் செய்த மலச்சிக்கலை அது சரிசெய்திருக்கிறது அல்லவா? அந்த வேலைக்கு அது மிகவும் ஏற்ற பழம். ஆகவே மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். அத்திப்பழம் அதற்குத் துணையாக இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் உலர்ந்த அத்திப்பழத்தில் இரும்புச்சத்து சுமார் 2 மில்லிகிராம் இருக்கிறது. நம் கடைகளில் மாலையாகக் கோத்து விற்கும் ஆப்கானிஸ்தான் அத்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 முதல் 20 கிராம் வரை இருப்பதால், நீங்கள் சாப்பிடும் மூன்று பழங்களின் எடை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், அவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பு சுமார் ஒரு மில்லிகிராம்தான். ஆனால் உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அரசு இலவசமாகத் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதே அளவு இரும்பு வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று கிலோ உலர்ந்த அத்திப்பழம் தேவைப்படும். மாத்திரையானாலும் பழமானாலும் உள்ளே போகும் இரும்பில் ஒரு சிறு பங்கைத்தான் குடல் ஈர்த்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழத்தை மட்டும் நம்பி உங்கள் ரத்தம் ஏறும் என்று காத்திருப்பது எவ்வளவு வீண் என்பது புரியும்.

அதிலும் நீங்கள் அதைப் பாலில் ஊறவைக்கிறீர்கள். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து இரும்பை உடல் ஈர்ப்பதைக் குறைக்கும். டீயும் காபியும் அதைவிட அதிகமாகக் குறைக்கும். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும். இரவில் நன்றாகக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் தோல் உப்பி, பிட்டால் உள்ளே பொன்னிற விதைகள் நெருக்கமாகத் தெரியும். அந்தச் சிறு விதைகளும் தோலும் சதையும் சேர்ந்துதான் குடலுக்கு நன்மை செய்கின்றன. உலர்ந்த அத்தியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 10 கிராம் நார்ச்சத்து உண்டு. அதில் ஒரு பகுதி தண்ணீரில் கரைந்து குழகுழப்பாகி மலத்தை மென்மையாக்குகிறது. கரையாத மற்றப் பகுதி மலத்தின் அளவைக் கூட்டி அதைக் குடலில் நகர்த்துகிறது. இந்த நார் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் நீங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் வயிறு உப்புசம்தான் மிஞ்சும்.

இனி மாத்திரையைப் பற்றி. மலம் கருப்பாகப் போவது மாத்திரையில் உள்ள இரும்பின் நிறத்தால்தான். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை சாப்பிடாத நாட்களிலும் மலம் தார் போலக் கருத்து, பிசுபிசுப்பாகப் போனால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே வந்து காட்ட வேண்டும். வயிற்று எரிச்சலைக் குறைக்க, மாத்திரையைச் சாப்பிட்ட உடனே படுக்காமல், இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீருடன் விழுங்குங்கள். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பை ஈர்க்க உதவும். டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். அப்படியும் தாங்கவில்லை என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று சுகாதார நிலைய மருத்துவரைக் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனவுடன் உடல் அடுத்த நாள் வரை இரும்பை ஈர்ப்பதைத் தானாகவே மட்டுப்படுத்திக்கொள்வதால், இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் ஈர்க்கப்படும் பங்கு கூடுகிறது; தொந்தரவும் சிலருக்குக் குறைகிறது. எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாத்திரையைவிட முக்கியமான ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: உங்கள் ரத்தம் ஏன் குறைந்தது? மாதவிடாயின்போது கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறதா என்று கவனியுங்கள். ஈரமான தோட்டத்து மண்ணில் வெறுங்காலுடன் வேலை செய்பவர்களுக்குக் கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உடலுக்குள் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தை உறிஞ்சும். அப்படியிருந்தால் என்ன சாப்பிட்டாலும் ஹீமோகுளோபின் ஏறாது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அதற்குப் போதுமானதாக இருக்கும்; கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்பதைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தோட்டத்துக்குச் செருப்பு அணிந்து செல்லுங்கள். இன்னொன்று, மலம் கல்லாகப் போகும் பலருக்கு மூலம் இருந்து, மலத்தோடு சிவந்த ரத்தம் போகும். கூச்சத்தால் பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. உங்களுக்கு அப்படி இருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இருக்கும் நாளாகப் பார்த்துச் சென்று காட்டுங்கள். மலச்சிக்கல், மூலம், ரத்தசோகை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பவை.

உணவைப் பொறுத்தவரை, ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பழத்தைவிட உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பவை உயர்ந்தவை என்று நான் உறுதியாகச் சொல்வேன். நூறு கிராம் கேழ்வரகில் 4.6 மில்லிகிராம் இரும்பும் 364 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்தும் இருப்பதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு உணவு அட்டவணை காட்டுகிறது. உலர்ந்த அத்தியில் சுண்ணாம்புச்சத்து 162 மில்லிகிராம். கேழ்வரகில் இரும்பை ஈர்க்க விடாமல் பிடித்துக்கொள்ளும் சில பொருட்களும் உண்டு என்பதால், வாரத்தில் சில நாட்களாவது முளைகட்டி அரைத்த மாவில் களி கிளறுங்கள், கூழ் காய்ச்சுங்கள். களிக்கு முருங்கைக்கீரை கடைந்து, கடைசியில் எலுமிச்சை பிழியுங்கள். சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள்; நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு, உலர்ந்த அத்தியிலோ அது அநேகமாக இல்லை. அசைவம் சாப்பிடும் வீடாக இருந்தால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாரம் ஒரு முறை போதும். அவற்றின் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும்.

இனி உங்கள் மாமியாரைப் பற்றி. உலர்ந்த அத்திப்பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. நூறு கிராமில் 48 கிராம் என்றால், 20 கிராம் எடையுள்ள ஒரு பெரிய பழத்தில் இரண்டு தேக்கரண்டிச் சீனி அளவு சர்க்கரை இருக்கிறது. மூன்று பழம் என்றால் ஆறு தேக்கரண்டி. அந்தப் பழம் சர்க்கரை நோயைக் குறைக்கும் என்று நம்பி அவர் தினமும் சாப்பிடுவதும், மாத்திரையைக் குறைத்துக்கொள்வதும் ஆபத்து. அத்தி மரத்தின் இலை, பட்டை பற்றிய ஆராய்ச்சிகளைப் பழத்தின் மேல் ஏற்றிச் சொல்வதால் வந்த குழப்பம் இது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பழத்தை, மற்ற மாவுப்பொருளைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, சாப்பாட்டோடு சாப்பிடலாம். ஊறவைத்த தண்ணீரில் சர்க்கரை கரைந்திருக்கும். அதை அவர் குடிக்க வேண்டாம். தேனில் ஊறிய அத்தியை அவர் தொடவே கூடாது. புதிய அத்திப்பழம் கிடைத்தால் அது மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், சர்க்கரை நூறு கிராமுக்கு 16 கிராம்தான்.

பல வருடச் சர்க்கரை நோய் என்பதால் அவருடைய சிறுநீரகத்தையும் பார்த்தாக வேண்டும். உலர்ந்த அத்தியில் நூறு கிராமுக்கு 680 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு, அதுவும் ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு, பொட்டாசியம் நல்லதே. சிறுநீரகம் பழுதானவருக்கோ அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் ஆகிய இரண்டு பரிசோதனைகளும் அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். முடிவு வரும்வரை அத்தி வேண்டாம்.

முழங்கால் வலிக்கு மூன்று பழத்தின் 80 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து பெரிதாக எதுவும் செய்யாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் தேவை. அதைவிட நம் மாவட்டத்தில் நான் முதலில் கேட்பது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்பதைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. அந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை மட்டுமல்ல, மூட்டு விறைப்பும் முதுகு, கழுத்து வலியும் வரும். குனிந்து நிமிர முடியாமல் போனவர்களைப் பார்த்து நாங்கள் வருந்தியிருக்கிறோம். இதற்காகவே ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் குளிக்க, துவைக்க மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது.

பழம் வாங்கும்போது பிட்டுப் பாருங்கள். மேலே படிந்திருக்கும் வெண்மை பெரும்பாலும் காய்ந்து வெளியே வந்த பழச்சர்க்கரைதான். விரலால் தேய்த்தால் கரையும், இனிக்கும். உள்ளே கருந்தூளோ, பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சு போன்ற பூஞ்சையோ, புளித்த வாடையோ இருந்தால் தூக்கி எறியுங்கள். உலர்ந்த அத்தியில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு உருவாவதுண்டு. ஊறவைப்பதாலோ கழுவுவதாலோ அது நீங்காது. ஓடைக்கரைகளில் காய்க்கும் நாட்டு அத்தி வேறு மரம். அதன் பிஞ்சைப் பொரியலாகச் சமைக்கலாம், பழத்தைப் பூச்சி பார்த்துத் தின்னலாம், ஆனால் நான் மேலே சொன்ன அளவுகள் அதற்குப் பொருந்தாது.

மாத்திரையை மறுபடி தொடங்கி நான்கு வாரம் கழித்து அதே சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால், 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பு அப்போதுதான் நிறையும். ஏறவில்லை என்றால், அல்லது நடக்கும்போது மூச்சு வாங்குதல், படபடப்பு, கால் வீக்கம் எதுவும் இருந்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து தைராய்டு, வைட்டமின் பி12, பரம்பரை ரத்தக்கோளாறு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். வரும்போது பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.