இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை ஊரான விட்பியை ஒரே நாளில் பார்க்க முடியுமா? எந்த வரிசையில் போவது?

முடியும், ஆனால் ரயிலை நம்பிக் கிளம்பும் முன் நேரப் பட்டியலைப் பாருங்கள். மிடில்ஸ்பரோவிலிருந்து வரும் ரயிலுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளுக்குச் சில வண்டிகள்தான். கடைசி வண்டியை விட்டால் அன்றிரவு அங்கேதான்.

காலையில் முதலில் மடாலயம். 199 படிகள் ஏற வேண்டும். பக்கத்திலுள்ள கல் பாவிய சரிவுப் பாதை மழையில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே உள்ள வாகன நிறுத்தம் வரை காரில் போகலாம். 657இல் துறவி ஹில்டா தொடங்கிய மடம் இது. ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை பற்றிய திருச்சபைச் சர்ச்சை 664இல் இங்கேதான் தீர்ந்தது. இன்று நிற்கும் இடிபாடு பிற்காலக் கட்டடத்தினுடையது. 1914 டிசம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல்களின் குண்டுகளும் அதைப் பதம் பார்த்தன. குளிர்காலத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது. காற்று பலம், குடை வீண், மழைக்கோட்டு போதும்.

இறங்கியதும் கிரேப் லேனில், கடலோடி கேப்டன் குக் கப்பல் தொழில் பயிற்சிக் காலத்தில் தங்கிய வீடு, இப்போது அருங்காட்சியகம். அவர் பசிபிக் பயணம் போன எண்டெவர், இவ்வூரில் கட்டிய நிலக்கரிக் கப்பல்தான்.

ஆற்றின் மேலுள்ள சுழல் பாலம் உயர் ஓதத்தை (கடல் நீர் உச்சத்துக்கு ஏறும் வேளை) ஒட்டிய நேரங்களில் படகுகளுக்காகத் திறக்கும், சற்றுக் காத்திருக்க நேரும். பக்கத்துக் கிராமமான சாண்ட்செண்டுக்குக் கடற்கரை வழியே நடப்பதானால் ஓத அட்டவணை கட்டாயம்: நீர் ஏறினால் மணல் மறைந்து, பாறைச்சுவருக்கும் அலைக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

‘ஜெட்’ என்னும் கறுப்புக் கல் பதித்த நகை வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். அது புதைபடிவ மரம், லேசாக இருக்கும், தொட்டால் குளிராது. கனமாகவும் சில்லென்றும் இருந்தால் கறுப்புக் கண்ணாடி.