மதுரை டு டொரண்டோ: தூரம் கிடக்கட்டும், டிக்கெட்டைப் பாருங்க தம்பி

திருமங்கலத்துல இருந்து டொரண்டோவுக்குப் படிக்க வர்றேன், எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்னு கேட்டிருக்கீங்க தம்பி. மதுரையில இருந்து நேரா அளந்தா சுமார் 13,600 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. சென்னை போய், துபாய், பிராங்க்பர்ட் மாதிரி ஒரு ஊர்ல மாறணும். சென்னைக்கு அப்புறம் பறக்குற நேரம் மட்டுமே 18, 19 மணி; வீட்டுப்படி இறங்குனதுல இருந்து ஒண்ணரை நாள்னு வச்சுக்கங்க. எந்த விமானத்துல சாப்பாடு நல்லா இருக்கும்ங்கிறதை விடுங்க, பசிச்சா எல்லாம் இறங்கும்.

டிக்கெட்டை மட்டும் கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட்டா எடுங்க. பத்தாயிரம் மிச்சம்னு ரெண்டாப் பிரிச்சுத் தர்ற ஏஜெண்ட் இருப்பாரு. "நான் அப்படித்தான் வந்தேன், ஒண்ணும் ஆகல"ன்னு இங்க இருக்குற நம்மாளுகளே சொல்லுவாங்க. இவங்க மேல எனக்கு இன்னும் கோபம் ஆறல. ஒரே டிக்கெட்னா, முதல் விமானம் லேட்டானாலும் அடுத்ததுல ஏத்திவிட வேண்டியது அவங்க பொறுப்பு. ரெண்டு டிக்கெட்னா, விட்டது விட்டதுதான்.

2008 ஜனவரியில எனக்கு அதுதான் நடந்துச்சு. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்கிருந்து மும்பைக்கு ஒரு டிக்கெட், மும்பையில இருந்து இங்க தனி டிக்கெட். சென்னையிலயே மூணு மணி நேரம் லேட்டு. மும்பையில இறங்கிப் பெட்டியை எடுத்துக்கிட்டு, உள்நாட்டு முனையத்துல இருந்து வெளிநாட்டு முனையத்துக்கு ஆட்டோ புடிச்சு ஓடுறேன், கவுண்டரை மூடிட்டாங்க. புது டிக்கெட்டுக்கு அப்பா விடியுமுன்ன அம்மா சங்கிலியைக் கழட்டி வாங்கிக்கிட்டு அடகுக்கடை வாசல்ல போய் நின்னாரு.

இன்னொண்ணு, காலேஜ் கடிதம், விசாவோட வந்த கடிதம், பணத்துக்கான அத்தாட்சி எல்லாம் கைப்பையில இருக்கணும். இமிகிரேஷன் முடிஞ்ச பிறகுதான் பெட்டியே கைக்கு வரும். ஊறுகாயைக் கைப்பையில வைக்காதீங்க, அதையும் திரவம்னுதான் சொல்லுவாங்க. அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில்ல எலுமிச்சை ஊறுகாய் போட்டு, மூடியில வேட்டித்துணி சுத்தி, நூல் கட்டிக் கொடுத்திருந்தாங்க. விமானம் மாறுற ஊர்ல அந்த நூலைக்கூட அவிழ்க்காமத் தூக்கித் தொட்டியில போட்டாங்க.

இப்ப மைனஸ் 20லயும் விடியக்காலம் பனியைத் தள்ளிட்டு வண்டியை எடுத்துருவேன். வந்து இறங்குன அன்னைக்கு டொரண்டோவுல ஸ்கார்பரோங்கிற பகுதியில ஒரு பேஸ்மெண்ட் ரூம்ல பல்லு தந்தியடிக்க உக்காந்திருந்தேன். போன் நம்பர் கொடுத்த நம்ம ஊர்க்காரரு எடுக்கவே இல்ல. மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் இடியப்பமும் சொதியும் கொண்டாந்து கொடுத்தாங்க. புதுசா வர்றவனைத் தாங்குறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. சாப்பிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். இங்க ராத்திரி 11, அங்க காலை 9:30. சங்கிலியைப் பத்தி அம்மா ஒரு வார்த்தை பேசல.

"ஊறுகாய் கொட்டாம வந்துச்சாப்பா?"ன்னாங்க.

"வந்துருச்சும்மா"ன்னேன்.